முதலீட்டு வங்கி வேலைக்கு எந்த நிதி முதுகலை? சேரும் முன் பார்க்க வேண்டியவை, வரிசையாக

முதலீட்டு வங்கியில் வேலைக்குச் சேர வேண்டும், அதற்காக வெளிநாட்டில் நிதித்துறை முதுகலை ஒன்று படிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வழியில் போனபோது தேவையான தகவல் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. கல்லூரித் தளத்தில் பாடத்திட்டமும் கட்டடப் படங்களும் இருக்கும். வங்கித் தளத்தில் கல்லூரியைப் பற்றி ஒரு வரி இருக்காது. விசா விதிகளோ அரசுத் தளத்தில் தனியாகக் கிடக்கும். இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எந்தப் படிப்பு உங்களுக்குப் பயன்படும் என்று தெரியும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய வங்கிகள் அனலிஸ்ட் எனப்படும் தொடக்கநிலைப் பணியாளர்களில் பெரும்பகுதியைத் தங்களிடம் ஏற்கெனவே இன்டர்ன்ஷிப் எனப்படும் குறுகிய காலப் பயிற்சி வேலை செய்தவர்களிலிருந்தே எடுக்கின்றன. நேரடியாக முழுநேர வேலைக்கு எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே ஒரு படிப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதில் சேர்ந்தால் இன்டர்ன்ஷிப் செய்ய எனக்கு எத்தனை வாய்ப்பு கிடைக்கும், அதைச் செய்யச் சட்டப்படி அனுமதி இருக்குமா? கல்லூரியின் பெயர், தரவரிசை, பேராசிரியர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. எந்த வேலை, எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்

நிறுவனங்களை வாங்குவது, விற்பது, இணைப்பது பற்றி ஆலோசனை தருவது எம் அண்ட் ஏ பிரிவு. பங்கு வெளியீட்டையும் கடன் பத்திர வெளியீட்டையும் கவனிக்கும் பிரிவுகள் தனி. பங்கு, பத்திரம், அந்நியச் செலாவணியை வாங்கி விற்பது மார்க்கெட்ஸ். விலைக் கணிப்பு மாதிரிகளைக் கட்டுவது குவான்ட். இந்த நான்கு வகை வேலைக்கும் ஒரே முதுகலை பொருந்தாது.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. பிரின்ஸ்டனின் நிதி முதுகலையும், கார்னகி மெலன், பெர்க்லி, பரூக் ஆகியவற்றின் நிதிப் பொறியியல் வகைப் படிப்புகளும் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அவை நிகழ்தகவு, கணினி நிரலாக்கம், டெரிவேட்டிவ் விலையிடல் என்று போகும் படிப்புகள். மார்க்கெட்ஸ், குவான்ட் வேலைகளுக்கு அருமையானவை. எம் அண்ட் ஏ-க்குப் போக நினைப்பவர் அங்கே சேர்ந்தால், கணக்கியலும் நிறுவன மதிப்பீடும் படிக்க வேண்டிய மாதங்கள் வேறொன்றில் கரைந்துவிடும்.

அடுத்து ஊர். லண்டனில் ஆங்கிலம் போதும், கூடுதல் ஐரோப்பிய மொழி தெரிந்தால் அந்த நாட்டு நிறுவனங்களைக் கவனிக்கும் குழுக்கள் வரவேற்கும். பாரிஸில் பிரெஞ்சு, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மன், மிலானில் இத்தாலியன் இல்லாமல் எம் அண்ட் ஏ குழுவுக்குள் நுழைவது கடினம், ஏனென்றால் வாடிக்கையாளர் கூட்டங்களும் ஆவணங்களும் அந்த மொழியில்தான். ஹாங்காங்கில் மாண்டரின் கிட்டத்தட்டக் கட்டாயம். வகுப்புகள் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் பாரிஸ் படிப்பில் சேர்ந்துவிட்டு, அந்த ஊர் வங்கிகள் பிரெஞ்சு கேட்கின்றன என்பதை அக்டோபரில் தெரிந்துகொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

நியூயார்க் தனி உலகம். அங்கே வங்கிகள் அனலிஸ்ட்களை இளங்கலையிலிருந்தும், அதற்கு அடுத்த படியான அசோசியேட்களை எம்பிஏ-யிலிருந்தும் மொத்தமாக எடுக்கின்றன. ஓராண்டு நிதி முதுகலை அங்கே பக்கவாசல்தான். வாண்டர்பில்ட் போன்ற சில சிறிய படிப்புகள் அந்த வாசலை நன்றாகத் திறந்து வைத்திருக்கின்றன என்றாலும், இளங்கலை மாணவர்களுக்கான ஆள்சேர்ப்பு பட்டம் பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஐரோப்பாவில் நிலைமை நேர் எதிர்: வங்கியில் சேரும் இளைஞர்களில் முதுகலை படித்தவர்கள் ஏராளம், பல நாடுகளில் அதுதான் வழக்கம். முதுகலை வழியாகவே நுழைய நினைப்பவருக்கு ஐரோப்பா இயல்பான இடம் என்பது என் கருத்து.

2. உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற வகையா என்று பாருங்கள்

நிதி முதுகலைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கல்லூரி முடித்ததும் சேருபவர்களுக்கு. மற்றது, சில ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு. பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் குழப்பம் வரும். லண்டன் பிசினஸ் ஸ்கூலில் மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ் அனுபவசாலிகளுக்கு, மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஷியல் அனாலிசிஸ் புதியவர்களுக்கு. கேம்பிரிட்ஜில் எம்ஃபின் படிக்கக் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், எம்ஃபில் இன் ஃபைனான்ஸுக்கு வேண்டியதில்லை. பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டு ஆனவர் புதியவர்களுக்கான படிப்பில் இடம் பெற்றாலும், பல வங்கிகளின் அனலிஸ்ட் திட்டம் அவரை அதிக அனுபவம் உள்ளவர் என்று ஒதுக்கிவிடலாம். அவருக்கு எம்பிஏ படித்து அசோசியேட்டாக நுழைவதே நேரான வழி.

3. படிப்பின் காலத்தை வங்கிகளின் நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதையும் அடுத்ததையும் படியுங்கள்.

நீங்கள் 2027 செப்டம்பரில் லண்டனில் ஓராண்டு முதுகலையில் சேருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2028 கோடை இன்டர்ன்ஷிப்புக்கான விண்ணப்பங்கள் 2027 ஜூலை, ஆகஸ்ட் வாக்கிலேயே திறக்கத் தொடங்கிவிடும், சில வங்கிகளில் இன்னும் முன்பே. பல வங்கிகள் கடைசித் தேதிவரை காத்திருக்காமல் விண்ணப்பம் வர வர இடங்களை நிரப்பும். ஆன்லைன் தேர்வு, வீடியோ நேர்காணல், பிறகு அசெஸ்மென்ட் சென்டர் எனப்படும் ஒருநாள் நேர்காணல் எல்லாம் அக்டோபர், நவம்பரில் உச்சத்தில் இருக்கும். அதாவது முதல் பருவத்தின் பாடம் எதையும் படித்து முடிக்கும் முன்பே உங்கள் தலைவிதி பாதி எழுதப்பட்டுவிடும். "படித்துவிட்டு விண்ணப்பிக்கிறேன்" என்பதற்கு ஓராண்டுப் படிப்பில் இடமே இல்லை.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு சிறிய கட்டம் வரும்: படிப்பு முடியும் மாதம், ஆண்டு. பெரும்பாலானோர் இதைக் கடைசியில் யோசிக்காமல் நிரப்புவார்கள். ஆனால் வங்கி விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவது இதைக் கொண்டுதான். சில வங்கிகள் கோடை இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகு இன்னும் ஓராண்டு படிப்பு மீதம் இருப்பவர்களை மட்டுமே எடுக்கும். சில, முதுகலையின் கடைசி ஆண்டில் இருப்பவர்களையும் எடுக்கும். எனக்கு ஒரு வங்கியிலிருந்து விண்ணப்பித்த மறுநாளே மறுப்பு வந்தது. விசாரித்ததில், என் தகுதியைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை, முடியும் தேதி அவர்கள் வரம்புக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நீங்கள் குறிவைக்கும் வங்கிகளின் தகுதி விதிகளில் இந்தத் தேதி வரம்பைத் தேடிப் படியுங்கள்.

இதை வைத்துப் படிப்புகளைப் பிரித்துப் பாருங்கள்.

ஜூன் வாக்கில் முடியும் 9, 10 மாதப் படிப்பு: கோடை முழுதும் கைக்குக் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு கோடைதான். இலையுதிர்காலத்தில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வழி, ஆண்டின் எந்த மாதத்திலும் தொடங்கும் மூன்று முதல் ஆறு மாத ஆஃப்-சைக்கிள் இன்டர்ன்ஷிப்.

செப்டம்பர்வரை நீளும் 12 மாதப் படிப்பு: கோடையில் ஆய்வேட்டு வேலை இருக்கும். இதில் ஒளிந்திருக்கும் விசா சிக்கலை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாண்டுப் படிப்பு: மிலானின் பொக்கோனி, ஸ்டாக்ஹோம் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்றவை இந்த வகை. நடுவில் ஒரு கோடை வரும். முதல் இலையுதிர்காலத்தில் தோற்றாலும் இரண்டாவது சுற்று உண்டு. முன் இன்டர்ன்ஷிப் எதுவும் இல்லாமல் வருபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இரண்டாண்டுப் படிப்பைத்தான்.

பிரெஞ்சு முறை: எச்இசி, எசெக், ஈஎஸ்சிபி போன்ற கல்லூரிகளின் நீண்ட முதுகலைகளில் இரண்டு கல்வியாண்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி ஆண்டு எடுக்கலாம். அதில் முதல் ஆறு மாதம் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில், அடுத்த ஆறு மாதம் பெரிய வங்கியில் என்று இரண்டு இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்கள். லண்டன் நேர்காணல்களில் உங்களோடு போட்டியிடப் போகிறவர்கள் இவர்கள்தான், அவர்களுடைய சிவி ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்பதற்குக் காரணமும் இதுதான். அதே கல்லூரிகள் நடத்தும் குறுகிய பன்னாட்டுப் படிப்புகளில் இந்த இடைவெளி ஆண்டு கிடைக்காமல் போகலாம். கல்லூரியின் பெயர் ஒன்று, கிடைக்கும் வாய்ப்பு வேறு. எந்தப் படிப்பு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பிரான்சில் இன்டர்ன்ஷிப் செய்யக் கல்லூரி, நிறுவனம், மாணவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் கட்டாயம். இதை கன்வென்ஷன் தெ ஸ்தாஜ் என்பார்கள். நீங்கள் மாணவராக இல்லாவிட்டால் இந்தத் தாள் கிடைக்காது, தாள் இல்லாவிட்டால் இன்டர்ன்ஷிப் இல்லை. வகுப்புகள் முடிந்த பிறகும் எத்தனை மாதங்களுக்கு இதைத் தருவார்கள் என்று சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. வேலை செய்யும் உரிமையைச் சரிபாருங்கள்

அந்தந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தரவரிசைக்கு முன்பாகப் படிக்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரிட்டன்: மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இளங்கலை மாணவருக்குக் கோடை விடுமுறை உண்டு. ஓராண்டு முதுகலை மாணவருக்கு ஆய்வேடு எழுதும் கோடையும் பருவ காலமாகவே கணக்கிடப்படும். ஆகவே செப்டம்பரில் முடியும் படிப்பில் இருந்துகொண்டு ஜூன் முதல் ஆகஸ்ட்வரை முழுநேர இன்டர்ன்ஷிப் செய்ய விசா தடையாகும். இது விளம்பரக் கையேடுகளில் கண்ணில் படாது. கல்லூரியிடம் கேட்கும்போது, "கோடையில் இன்டர்ன்ஷிப் செய்யலாமா?" என்று கேட்காதீர்கள். "மாணவர் விசாவில் இருக்கும் இந்தப் படிப்பின் மாணவர் ஜூன் 10 முதல் முழுநேரம் வேலை செய்யலாமா? விசாவில் குறிக்கும் படிப்பு முடியும் தேதி எது?" என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டபோது எனக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்தது "எங்கள் வேலைவாய்ப்பு மையம் உதவும்" என்ற ஒற்றை வரி. தேதி போட்டுக் கேட்டதும் சரியான பதில் வந்தது.

படிப்பை முடித்தவர்களுக்கு கிராஜுவேட் ரூட் என்ற விசா உண்டு. இதுவரை இரண்டு ஆண்டுகள் கிடைத்து வந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்கள். மாணவர் விசா காலாவதியாகும் முன், பிரிட்டனுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும், அதற்குள் நீங்கள் படிப்பை வெற்றிகரமாக முடித்ததைக் கல்லூரி அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். முடிவுகள் தாமதமாகும் படிப்புகளில் இது பதற்றத்தைத் தரும். அதற்குப் பிறகு, வேலையளிப்பவரின் ஆதரவோடு பெறும் ஸ்கில்ட் வொர்க்கர் என்ற வேலை விசாவுக்கு 2025 ஜூலை முதல் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. பெரிய வங்கிகளின் அனலிஸ்ட் சம்பளம் இதைத் தாண்டிவிடும். சிறிய ஆலோசனை நிறுவனங்களில் தடை சம்பளம் அல்ல, பல நிறுவனங்களிடம் விசா ஆதரவுக்கான உரிமமே இருக்காது என்பதுதான்.

அமெரிக்கா: எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பு முடிந்ததும் 12 மாதம் ஓபிடி எனப்படும் வேலை அனுமதி கிடைக்கும். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையாக அங்கீகரிக்கப்பட்டிருந்தால் மேலும் 24 மாதம். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு நிதிப் படிப்பு ஸ்டெமாகவும் இன்னொன்று அல்லாததாகவும் இருக்கலாம், ஆகவே படிப்பின் வகைப்பாட்டு எண்ணைக் கேளுங்கள். ஓபிடி-க்குப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து முடிந்த 60 நாள்வரை விண்ணப்பிக்கலாம். அந்த 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. படிக்கும்போதே வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்யப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். எம்ஐடி நிதி முதுகலையை 12 மாதத்திலும் முடிக்கலாம், 18 மாதத்திலும் முடிக்கலாம். 18 மாத வழியில் நடுவில் ஒரு கோடை கிடைக்கிறது, அந்த வழிக்கு மதிப்பே அதனால்தான்.

மற்றவை சுருக்கமாக: ஜெர்மனியில் பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம், ஹாங்காங்கில் 24 மாதம், பிரான்சிலும் நெதர்லாந்திலும் 12 மாதம். சுவிட்சர்லாந்தில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 6 மாதம்தான், அதன் பிறகும் வழி குறுகலானது. செயின்ட் காலன் மிகச் சிறந்த கல்லூரி, ஆனால் அங்கிருந்து லண்டனையோ ஃபிராங்க்ஃபர்ட்டையோ குறிவைப்பவராக இருந்தால் அந்த நாட்டு விசா கணக்கைத்தான் போட வேண்டும்.

5. வேலைவாய்ப்பு அறிக்கையை அடிக்குறிப்பிலிருந்து படியுங்கள்

"90 விழுக்காடு மாணவர்களுக்கு வேலை" என்று அட்டையில் போட்டிருக்கும். அடிக்குறிப்பில் "தகவல் அளித்தவர்களில், வேலை தேடியவர்களில்" என்று இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 100 பேர், தகவல் அளித்தவர்கள் 70, அவர்களில் வேலை தேடியவர்கள் 55, கிடைத்தவர்கள் 50. இதை 90 விழுக்காடு என்று எழுதலாம், பொய்யும் அல்ல. உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த 50 பேரில் எத்தனை பேர் எம் அண்ட் ஏ மேசையில் உட்கார்ந்தார்கள் என்பது. "நிதித்துறை" என்ற தலைப்பில் தணிக்கை நிறுவனங்களும், வங்கிகளின் இடர் மேலாண்மையும், பின்னலுவலக வேலைகளும் சேர்ந்தே எண்ணப்பட்டிருக்கும். வேலையளித்த நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பக்கத்திலும் கவனம் தேவை. ஐந்து ஆண்டில் ஒரே ஒருவர் போயிருந்தாலும் சின்னம் வந்துவிடும்.

ஆகவே நீங்களே எண்ணுங்கள். லிங்க்ட்இனில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து முன்னாள் மாணவர்கள் பகுதிக்குப் போங்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் படித்தவர்கள், நீங்கள் விரும்பும் ஊர், இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் அனலிஸ்ட் என்று வடிகட்டுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இளங்கலை எங்கே படித்தார், முதுகலைக்கு முன் என்ன இன்டர்ன்ஷிப் செய்தார், வங்கி இன்டர்ன்ஷிப் எந்த மாதம் தொடங்கியது.

மூன்றாவது குறிப்புதான் கண்ணைத் திறக்கும். பெயர்பெற்ற படிப்பு ஒன்றிலிருந்து பெரிய வங்கிக்குப் போனவர்களைப் பார்த்தால், கணிசமானோர் முதுகலையில் சேரும் முன்பே ஒரு வங்கியில் இன்டர்ன்ஷிப் முடித்தவர்கள். கல்லூரி அவர்களை உருவாக்கவில்லை, தேர்ந்தெடுத்தது. அவர்களை ஒதுக்கிவிட்டு, உங்களைப் போன்ற பின்னணியோடு உள்ளே போய் வேலையோடு வெளியே வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். உங்களைப் போலவே விசா ஆதரவு தேவைப்பட்டவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த எண் ஒரு படிப்பில் பூஜ்யமாகவும் புகழ் குறைந்த இன்னொன்றில் ஆறு ஏழாகவும் இருந்தால், முடிவு உங்கள் கையில் வந்துவிட்டது.

அவர்களில் இருவர் மூவருக்காவது எழுதிக் கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: எந்தெந்த வங்கிகள் வளாகத்துக்கு வந்தன? வேலைவாய்ப்பு மையத்தில் வங்கியில் பணியாற்றிய ஆள் இருக்கிறாரா? நேர்காணல் நாட்களில் வகுப்பைத் தவறவிட்டால் மதிப்பெண் போகுமா? என் அனுபவத்தில், சுருக்கமாகக் கேட்டால் பெரும்பாலானோர் மனம் திறந்து பேசுகிறார்கள்.

6. தரவரிசைக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்

ஃபைனான்ஷியல் டைம்ஸ் வெளியிடும் நிதி முதுகலைத் தரவரிசையில் பெரிய எடை, படிப்பு முடிந்து மூன்று ஆண்டுக்குப் பிறகான சம்பளத்துக்கு. அந்தச் சம்பளம் நாடுகளின் வாங்கும் சக்திக்கு ஏற்பத் திருத்தப்படுகிறது. வாழ்க்கைச் செலவு குறைந்த நாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் அதிகமிருந்தால் அந்தக் கல்லூரியின் எண் உயரும். லண்டன் வங்கியில் உங்களுக்கு இடம் கிடைக்குமா என்பதை அது சொல்லாது. முதல் பட்டியலைத் தயாரிக்கப் பயன்படுத்துங்கள், மூன்றாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் முடிவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள்.

7. செலவை வருமானமில்லாத மாதங்களோடு சேர்த்துப் போடுங்கள்

லண்டனின் பெயர்பெற்ற நிதி முதுகலைகளுக்குக் கட்டணம் மட்டும் 40 ஆயிரம் பவுண்டுக்கு மேல். பொக்கோனியில் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 30 ஆயிரம் யூரோவைத் தாண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் விசாவுக்கு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் பணம் காட்ட வேண்டும், 2025 நிலவரப்படி ஆண்டுக்கு 11,904 யூரோ.

பிரிட்டன் செல்பவர் விசாக் கட்டணத்தோடு சுகாதார மேல்கட்டணமும் கட்ட வேண்டும். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசா காலம் படிப்பு முடிந்தபின் வரும் சில மாதங்களையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஓராண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டுத் தொகை வரக்கூடும்.

பெரும்பாலான பட்ஜெட்டுகளில் விடுபடுவது வேறொன்று. வங்கிகளின் முழுநேர அனலிஸ்ட் பணி பொதுவாக ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும். 2028 கோடையில் இன்டர்ன்ஷிப் செய்து வேலை உறுதியானாலும் நீங்கள் சேருவது பெரும்பாலும் 2029 கோடையில். நடுவில் உள்ள ஒன்பது பத்து மாதங்களுக்கு வாடகையும் உணவும் யார் தருவது, கடன் தவணை எப்போது தொடங்குகிறது, கிராஜுவேட் ரூட்டின் மாதங்கள் அதற்குள் எவ்வளவு கரையும் என்று இப்போதே எழுதிப் பாருங்கள். இன்டர்ன்ஷிப் கிடைக்காமல் ஆஃப்-சைக்கிள் தேட வேண்டி வந்தால் இந்த இடைவெளி நீளும். ஆறு மாதச் செலவு கையில் தனியாக இல்லாமல் லண்டன் படிப்பில் சேர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

8. ஆவணங்களும் தேர்வுகளும்

ஜிமேட்: வணிகக் கல்லூரிகள் கேட்கும் நுழைவுத் தேர்வு. 2024 பிப்ரவரி முதல் புதிய வடிவம் மட்டுமே. மதிப்பெண் 205 முதல் 805வரை. பழைய 700-க்கு ஈடானது புதியதில் ஏறத்தாழ 645. முன்னாள் மாணவர்கள் "720 எடுத்தேன்" என்றால் அது பழைய அளவுகோல் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை எழுதியபின் அடுத்த முறைக்கு 16 நாள் காத்திருக்க வேண்டும், 12 மாதத்தில் ஐந்து முறைதான். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் இரண்டு ஆண்டுதான் செல்லும், ஆகவே ஜிமேட்டை முன்னதாகவும் ஆங்கிலத் தேர்வைப் பிறகும் எழுதுங்கள்.

மதிப்பெண் பட்டியல்: உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து அதிகாரபூர்வப் பிரதி வாங்கப் பல வாரங்கள் ஆகலாம். நான் படித்த இடத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றுதான் வாங்க முடிந்தது. கோடையிலேயே தொடங்குங்கள், ஒரே தடவையில் பல பிரதிகள் வாங்குங்கள். ஐரோப்பியக் கல்லூரிகள் சில, கணிதம், புள்ளியியல், நிதிப் பாடங்களில் குறைந்தபட்ச கிரெடிட் கேட்கும். அதற்கு ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கமும் மணி நேரமும் அடங்கிய விளக்கத் தாள் தேவைப்படும்.

பரிந்துரைக் கடிதம்: பொதுவாக இரண்டு. பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்களை நன்கு அறிந்தவர் மேல். கல்லூரியிலிருந்து இணைப்பு நேரே அவர் மின்னஞ்சலுக்குப் போகும், அலுவலக முகவரி கேட்பார்கள், ஜிமெயில் முகவரியைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. உங்கள் சிவி, நோக்க அறிக்கை, கடைசித் தேதி மூன்றையும் ஒரே அஞ்சலில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

நோக்க அறிக்கை: "சிறுவயது முதல் நிதித்துறையில் ஆர்வம்" என்று தொடங்குவதை விடுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஊர், இந்தப் படிப்பின் எந்த அம்சம் அதற்கு உதவும் என்று எழுதுங்கள். முதல் ஐந்து படிகளை முடித்திருந்தால் இது தானாகவே வரும்.

பணச் சான்று: பிரிட்டன் விசாவுக்குப் பணத்தைக் காட்ட வேண்டிய நாட்டவராக இருந்தால், முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், கணக்கு அறிக்கையின் கடைசி நாள் விண்ணப்பத்துக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். நடுவில் ஒரே நாள் தொகை குறைந்தாலும் மறுக்கலாம். அந்தக் கணக்கிலிருந்து அந்த மாதம் எதையும் எடுக்காதீர்கள்.

9. எந்த மாதத்தில் எது

செப்டம்பரில் சேருபவருக்கு: முந்தைய ஆண்டு ஜூனுக்குள் ஜிமேட். ஆகஸ்டில் மதிப்பெண் பட்டியல், பரிந்துரையாளர்கள். அக்டோபர், நவம்பரில் முதல் சுற்று விண்ணப்பம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போல வர வரப் பார்க்கும் இடங்களில் ஜனவரிக்குப் பிறகு விண்ணப்பிப்பது மீதமுள்ள இடங்களுக்குப் போட்டியிடுவது. உதவித்தொகையும் பெரும்பாலும் முதல் சுற்றுகளிலேயே தீர்ந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது, ஆகவே ஐந்து ஆறு கல்லூரிகளுக்கு மேல் போக வேண்டியதில்லை.

இடம் கிடைத்தபின் முன்பணம் கட்டச் சில வாரங்களே தருவார்கள். நீங்கள் அதிகம் விரும்பும் கல்லூரியின் முடிவு அதற்குப் பிறகுதான் வரும் என்றால், இரண்டு இடங்களுக்கும் எழுதுங்கள்: ஒன்றிடம் கெடுவை நீட்டிக்கவும், மற்றதிடம் முடிவை விரைவுபடுத்தவும். கேட்டால் சில நேரம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், முன்பணம் எந்தச் சூழலில் திரும்பும் என்ற விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தருகிற கல்லூரிகள் உண்டு, மனம் மாறினால் தருகிறவை அரிது.

10. சேருவதற்கு முந்தைய கோடை

மே முதல் ஆகஸ்ட்வரையிலான இந்த மாதங்களைச் சுற்றுலாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கணக்கியல், மதிப்பீடு, நிறுவன இணைப்புக் கணக்கு, கடன் வாங்கி நிறுவனத்தைக் கையகப்படுத்தும் முறை ஆகிய நான்கும் முதல் நேர்காணலுக்கு முன் வாயில் வர வேண்டும். அனலிஸ்ட் நேர்காணல்களில் மிகவும் வழக்கமான கேள்வி ஒன்று: தேய்மானம் 10 கூடினால் மூன்று நிதி அறிக்கைகளும் எப்படி மாறும்? வரி 25 விழுக்காடு என்றால் நிகர இலாபம் 7.5 குறையும். பணப்புழக்க அறிக்கையில் தேய்மானம் 10 திரும்பச் சேர்வதால் கையிலுள்ள பணம் 2.5 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் நிலைச் சொத்து 10 குறைந்து, பணம் 2.5 கூடி, மொத்தச் சொத்து 7.5 குறையும். மறுபக்கம் தக்கவைத்த இலாபமும் அதே 7.5 குறைவதால் சமன்படும். இதைத் தாளில் எழுதாமல், ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

ஜூன் இறுதிக்குள் ஒரு பக்க சிவி தயாராக இருக்கட்டும், அதில் சேரப்போகும் முதுகலையும் அது முடியும் மாதமும் முதல் வரியில் வரட்டும். ஜூலையில் படிவங்கள் திறந்த முதல் இரண்டு வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். மாணவர் மின்னஞ்சல் இன்னும் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், உங்கள் சொந்த முகவரியே போதும். விசா ஆதரவு தேவையா என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி பதில் தாருங்கள். ஒவ்வொரு வங்கிக்கும் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், படிப்பு முடியும் மாதம் என எதைக் குறிப்பிட்டீர்கள் என்று ஒரு அட்டவணையில் குறித்து வையுங்கள். அசெஸ்மென்ட் சென்டரில் அதையே திரும்பக் கேட்பார்கள்.